கம்பியா, தகடா: கையால் கட்டும் ஸ்லாட் கார் சேஸிஸ் பற்றி ஓர் ஒப்பீடு

தடத்தில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தால் ஓடும் சிறு பந்தயக் காரே ஸ்லாட் கார். 1/24 அளவில் ஓடும் அத்தகைய காருக்குச் சொந்தமாகச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கட்ட முற்படுபவர் முதலில் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். பியானோ கம்பியையும் பித்தளையையும் ஈயத்தால் பற்றவைத்து முழுவதையும் தாமே கட்டலாம். அல்லது லேசரால் வெட்டப்பட்ட எஃகுத் தகட்டுத் துண்டுகளைப் பெற்று, அவற்றைக் கோத்து, அரத்தால் திருத்தி ஓடவைக்கலாம். கடந்த இரண்டு பந்தயப் பருவங்களில் நான் இரண்டு வகையையும் கட்டி ஓட்டிப் பார்த்தேன். மோட்டார், பல்சக்கரங்கள், பின் டயர்கள், மேலே பொருத்தும் மெல்லிய பிளாஸ்டிக் உடல் ஆகியவை ஒன்றே. சேஸிஸ் மட்டும் வேறு. பருவம் முடிந்தபோது என் பெட்டியில் பந்தயத்துக்கென்று தங்கியவை கம்பிச் சேஸிஸ்கள்தாம். ஆகவே இது நடுநிலையான ஒப்பீடு அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தகட்டுச் சேஸிஸின் நிறைகள் யாவரும் அறிந்தவை என்பதால் அவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். லேசர் வெட்டு ஒரே அளவை மீண்டும் மீண்டும் பிசகாமல் தரும். மோட்டார் தாங்கியும் பின் ஆக்சில் துளைகளும் சேஸிஸின் நடுக்கோட்டுக்குச் சரியான செங்கோணத்தில் அமைந்தே கைக்கு வருவதால், கார் நண்டுபோல் சாய்ந்தோடும் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஒரே மாலையில் கட்டி முடித்துவிடலாம். ஒன்று கெட்டுப்போனால் அதே போன்ற இன்னொன்றை உடனே அமைத்துக்கொள்ளலாம். கம்பிச் சேஸிஸ் எனக்கு மூன்று நான்கு மாலைகளை எடுத்துக்கொள்கிறது. ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய இரண்டு சேஸிஸ்கள்கூட ஒன்றுபோல் ஓடியதில்லை.

இவ்வளவு இருந்தும் நான் கம்பியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கம்பியில் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியும், தகட்டில் முடியாது. இதைச் சற்று விரிவாக விளக்க வேண்டும்.

இந்த வகைக் காருக்குச் சுருள்வில்லோடு கூடிய தனிச் சஸ்பென்ஷன் கிடையாது. சேஸிஸ் எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதே சஸ்பென்ஷனின் வேலையைச் செய்கிறது. காரின் முன்னால் உள்ள வழிகாட்டித் துண்டான கைடு தடத்தின் பள்ளத்துக்குள் அமர்ந்திருக்க, பின் டயர்கள் இரண்டும் தடத்தின் மேல் சமமாக அழுந்த வேண்டும். இதற்கிடையே வளைவுகளில் ஒரு பக்கம் சுமை ஏறுகிறது, இணைப்புகளில் தடம் மேடுபள்ளமாக இருக்கிறது. பிடிப்புக் குறைந்த தடத்தில் சேஸிஸ் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் பின்பகுதி முன்னறிவிப்பு ஏதுமின்றி வழுக்கிக்கொண்டு போகும். பசை ஏறிப் பிடிப்பு மிகுந்த தடத்தில் அளவுக்கு மீறி நெகிழ்வாக இருந்தால் டயர் கடித்துப் பிடித்து, உள்பக்கச் சக்கரம் மேலெழும்பி, கார் உருண்டு பள்ளத்திலிருந்து வெளியேறிவிடும். காலையில் ஓரளவே பிடித்த அதே தடம், பல கார்கள் ஓடி முடித்த மாலையில் முற்றிலும் வேறொரு தடமாகிவிடும். எனவே விறைப்பைச் சிறு சிறு அளவில் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்க வேண்டும்.

தகட்டில் விறைப்பைக் குறைக்க வேண்டுமென்றால் அரத்தை எடுத்து நடுப்பட்டையின் அகலத்தைக் குறைக்க வேண்டும். 4 மி.மீ. பட்டையை 3 மி.மீ. ஆக்கினால் அந்தப் பட்டையின் விறைப்பு கால்பங்கு குறைகிறது. தடிமனில் கைவைத்தால் மாற்றம் இன்னும் கடுமையானது; தட்டையான பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், 1 மி.மீ. தகட்டுக்குப் பதில் 0.8 மி.மீ. தகட்டைப் பயன்படுத்தினால் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். அந்த ஒரு மில்லிமீட்டரை அராவி எடுத்த பிறகு, அடுத்த வாரம் வேறு தடத்தில் அது தேவைப்பட்டால் என்ன செய்வது? பட்டையின் மேல் ஒரு கம்பியைப் பற்றவைத்து ஈடு கட்டலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அப்படிச் செய்த அன்றே அது பாதி கம்பிச் சேஸிஸாகிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கம்பியில் அதே வேலை வேறு விதமாக நடக்கிறது. உருளைக் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 1.2 மி.மீ. கம்பி இருந்த இடத்தில் 1.4 மி.மீ. கம்பியை வைத்தால் விறைப்பு சுமார் 1.85 மடங்காகிறது, 1.6 மி.மீ. கம்பி வைத்தால் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஆனால் கம்பியை மாற்ற வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. முன்பகுதியையும் மோட்டார் தாங்கியையும் இணைக்கும் நீள்கம்பிகளில் எவ்வளவு நீளம் கட்டுப்படாமல் இருக்கிறது என்பதை மாற்றினாலே போதும். இரு முனைகளிலும் பற்றவைத்த கம்பியின் வளைதலுக்கு எதிரான விறைப்பு அதன் நீளத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், 60 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ. தள்ளி ஒரு குறுக்குத் துண்டைப் பற்றவைத்து 50 மி.மீ. ஆக்கினால், அந்தக் கம்பி முன்னைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு விறைப்பாகிறது. வேண்டாம் என்றால் சால்டரிங் அயர்னை ஒரு முறை வைத்தால் குறுக்குத் துண்டு கழன்று வந்துவிடும். சேஸிஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

இதைவிட நுட்பமான வழியும் உண்டு. ஒரு பக்கத்தில் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் இரண்டு கம்பிகளை முனைகளில் மட்டும் பற்றவைத்து இடையில் விட்டுவிட்டால் அவை தனித்தனியாக வளையும். இடையில் ஓரிடத்தில் ஒரு துளி ஈயம் வைத்தால் மேலும் கீழுமாக வளைவதில் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் முறுக்கத்துக்கும் பக்கவாட்டு வளைதலுக்கும் எதிரான விறைப்பு கூடும். அதாவது நேர்ப்பாதையின் மேடுபள்ளத்தைத் தாங்கும் தன்மையை அப்படியே வைத்துக்கொண்டு, வளைவில் காட்டும் குணத்தை மட்டும் மாற்றலாம். தகட்டில் இந்த இரண்டையும் இவ்வளவு எளிதாகப் பிரித்துத் திருத்தும் வழியை நான் கண்டதில்லை.

மோதலுக்குப் பிறகு நடப்பதையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் என் தகட்டுச் சேஸிஸ் ஒருமுறை சுவரில் முகம் மோதியது. கைடு தாங்கும் நாக்கு அருகே பட்டை மடிந்துவிட்டது. நிமிர்த்திய பிறகு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மூலை 0.3 மி.மீ. மேலே நின்றது. அதை அழுத்தினால் எதிர் மூலை எழும்பியது. இரண்டு மாலைகள் முயன்றும் அது சமமாகவில்லை. பிறகு ஒருபோதும் அது பழையபடி ஓடவுமில்லை. அடுத்த பருவத்தில் கம்பிச் சேஸிஸுக்கும் அதே போன்ற மோதல் நேர்ந்தது. அதில் உடைந்தது முன்துண்டின் ஈயப்பற்று மட்டுமே; கம்பி வளையவில்லை. ஈயம் எஃகைவிட மிக மென்மையானது என்பதால், நன்கு கட்டிய சேஸிஸில் முதலில் விட்டுக்கொடுப்பது அதுவாகவே இருக்கும். ஜிக்கில், அதாவது துண்டுகளை அதனதன் இடத்தில் பிடித்துவைக்கும் பலகையில், பொருத்தி, பழைய ஈயத்தைத் துடைத்து, புதிதாகப் பற்றவைக்கக் கால் மணி நேரம் ஆனது. அன்றைய அடுத்த ஓட்டத்துக்கே கார் தயாராகிவிட்டது.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு உரிய கவனத்தைத் தர வேண்டும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்த ஈயம் 183 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அந்த வெப்பம் பியானோ கம்பியின் வலுவைக் குலைப்பதில்லை. எனினும் கம்பி நீலம் பாரிக்குமளவு, அதாவது 300 டிகிரியை ஒட்டி, சுட்டுக்கொண்டே இருந்தால் அந்த உறுதி மொழி செல்லாது. ஆகவே சிறிய அயர்னை நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதைவிட, நுனி பருத்த 80 வாட் அயர்னை வைத்து விரைவாக வேலையை முடித்து எடுப்பதே நல்லது. பக்கத்துப் பற்று இளகாமலிருக்க அதன்மேல் ஓர் அலுமினியக் கவ்வியை மாட்டிவைக்கலாம். அலுமினியம் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், இந்த ஈயமும் அதில் ஒட்டாது.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது வேறோர் இடத்தில். வளைத்த கம்பி தன் இடத்தில் எந்த வலுக்கட்டாயமும் இல்லாமல் படிய வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் விலகி நிற்கும் கம்பியை ஊசிகளால் நெருக்கிப் பிடித்துப் பற்றவைத்தால், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஜிக்கிலிருந்து எடுத்தவுடன் உள்ளே அடைபட்ட இறுக்கம் சேஸிஸைத் திருகிவிடும். என் முதல் மூன்று சேஸிஸ்களும் இப்படித்தான் போயின. கண்ணாடிப் பலகையில் வைத்து நான்கு மூலைகளையும் விரலால் தட்டிப் பார்த்தால் எது மேலே நிற்கிறது என்பது தெரியும். அதற்குரிய பற்றை மட்டும் இளக்கி, கம்பி தானாகத் தன் நிலைக்கு வரும்வரை விட்டு, மீண்டும் ஆறவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. தகட்டில் திருகலை நீக்கக் கையின் வலுவை நம்ப வேண்டியிருந்தது. இங்கே வெப்பமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பராமரிப்பில் கம்பி சற்றுக் கூடுதலாகவே கேட்கிறது. எஃகுக் கம்பியில் ஈயம் நன்றாகப் பரவ, பற்றவைக்கும் பரப்பைத் துப்புரவாக்கும் அமிலப் பிளக்ஸ் தேவை. அதில் உள்ள துத்தநாகக் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். கழுவாமல் விட்டால் சில நாட்களிலேயே கம்பி துருவேறிவிடும். சமையல் சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, டயரில் படாதபடி மெல்லிய எண்ணெய் தடவி வைக்கிறேன். பிளக்ஸின் புகையை மூக்குக்கு நேராக வரவிடக் கூடாது. கம்பியைத் தேய்ப்புத் தட்டால் அறுக்கும்போது கண்ணாடி அணியாமல் இருக்கவே கூடாது.

இதனுடன் விரிசல் தேடும் வேலையும் உண்டு. கம்பி உடைவதென்றால் ஈயம் முடிந்து வெறும் கம்பி தொடங்கும் அந்த விளிம்பில்தான் உடையும். குறட்டின் பல் பதிந்த தழும்பு இருந்தால் அங்கே உடையும். சேஸிஸைக் கண்ணாடியின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு ஓசையைக் கேட்பது என் வழக்கம். பற்றுகள் எல்லாம் உறுதியாக இருந்தால் ஒரே தெளிவான ஒலி வரும். எங்காவது விட்டிருந்தால் கரகரப்பு கேட்கும். பக்கவாட்டில் சிறு குழாய்க்குள் ஆடும் பித்தளைத் தட்டுகள் உள்ள சேஸிஸில் அவற்றை முதலில் நாடாவால் கட்டிவிட்டே கேட்க வேண்டும். இல்லையெனில் அவற்றின் ஓசையே எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

அந்தப் பித்தளைத் தட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். பித்தளையின் அடர்த்தி எஃகைவிடச் சற்றே அதிகம். எஃகு கன சென்டிமீட்டருக்கு சுமார் 7.85 கிராம் என்றால் பித்தளை 8.5 கிராம். வேறுபாடு சிறியதுதான். ஆனால் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் தட்டு தனியாக ஆடும்போது மோட்டாரின் அதிர்வும் தடத்தின் அதிர்வும் நடுச்சட்டத்துக்கு முழுமையாகச் செல்வதில்லை. எடையும் தரையை ஒட்டியே நிற்கிறது. தகட்டுச் சேஸிஸ்களிலும் ஆடும் பக்கத் தட்டுகள் உண்டு என்பதால் இதைக் கம்பியின் தனி வெற்றியாக நான் கணக்கில் சேர்க்கவில்லை.

என் அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்ல வேண்டும். நான் ஓட்டியவை பெரும்பாலும் தட்டையான, வளைவுகள் மிகுந்த மரத் தடங்கள். சரிந்த வளைவுகள் கொண்ட நீள்வட்டத் தடத்தில் இரண்டு பந்தயங்கள் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். அங்கே கார் எப்போதும் ஒரே பக்கம் திரும்புவதால் இடமும் வலமும் வெவ்வேறு விறைப்போடு கட்டுவார்கள். அந்தக் கலையில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காற்றழுத்தத்தால் தரையோடு ஒட்டி ஓடும் அதிவேக விங் கார்களை நான் கட்டியதே இல்லை. அங்கே மெல்லிய எஃகுத் தகடே ஆட்சி செய்கிறது, அதற்குத் தக்க காரணமும் இருக்கும். 1/32 அளவில் வரும் பிளாஸ்டிக் சேஸிஸ்களையும், முப்பரிமாண அச்சு முறையில் உருவாக்கும் சேஸிஸ்களையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. பற்றவைக்க முடியாத பொருளுக்கு என் முதன்மை வாதம் பொருந்தாது.

ஒரே வகைத் தடத்தில், ஒரே விதியின் கீழ், ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்கு நான் தகட்டையே சொல்வேன். ஒருமுறை சரியான விறைப்பைக் கண்டுவிட்டால் அதே வெட்டில் இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். திருத்தத் தேவையில்லாத இடத்தில் திருத்தும் வசதி பயன்படாது. பல தடங்களுக்குப் போய்வருபவருக்கும், ஒரு மாற்றம் ஏன் வேலை செய்தது என்பதை அறிய விரும்புபவருக்கும் கம்பி.

இப்போது என்னிடம் ஓடிக்கொண்டிருப்பது, பக்கத்துக்கு இரண்டாக நான்கு 1.2 மி.மீ. நீள்கம்பிகள் கொண்ட, மோட்டார் காரின் நீளவாக்கில் அமைந்த நேர்மோட்டார்ச் சேஸிஸ். வெளிக் கம்பிகளில் குறுக்குத் துண்டுக்கான இடங்களை 5 மி.மீ. இடைவெளியில் அரத்தால் மிக இலேசாக, ஒளி மட்டும் மாறும்படி, குறியிட்டிருக்கிறேன். பந்தய நாளின் காலையில் துண்டு மூன்றாம் குறியில் இருக்கும். பிற்பகலில் தடம் கடிக்கத் தொடங்கினால் நான்காம் குறிக்குப் போகும். எந்தத் தடத்தில் எந்தக் குறி என்பதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அது இப்போது பதினொரு பக்கங்களைத் தாண்டியிருக்கிறது.