வார்ப்பிரும்புத் தோசைக்கல்: லைஃப் வருமா?

2014-இல் திருச்சி பெரிய கடை வீதியில் 12 அங்குல வார்ப்பிரும்புக் கல் வாங்கினேன். "லைஃப் வருமா?" என்று கேட்டதற்கு, "உங்க பேத்தி காலம் வரைக்கும் வரும்மா" என்றார் கடைக்காரர். இன்றும் தினமும் அதில்தான் தோசை.

முதல் வாரம் ஒட்டியது, உண்மை. அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, நல்லெண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கினேன். சூட்டில் எண்ணெய் இறுகி வழவழப்பான படலமாகிவிடுகிறது. அப்புறம் தோசை தானாகக் கிளம்பி வருகிறது. நடுவில் வாங்கிய மூன்று நான்ஸ்டிக் கல்லும் குப்பைக்குப் போய்விட்டன.

ஆனால் லைஃப் வேறு, அடி தாங்குவது வேறு. வார்ப்பிரும்பில் கரிமம் 2 சதவீதத்துக்கு மேல்; அதனால் வளையாது. கீழே விழுந்தால் உடையும். தங்கை வீட்டுக் கல் அப்படித்தான் இரண்டானது. கனமும் அதிகம்; மணிக்கட்டு வலி இருந்தால் 10 அங்குலமே வாங்குங்கள்.