கர்ப்பப்பையை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா? ஃபைப்ராய்டுக்கு உள்ள வழிகள்

என் சித்தி மகளுக்கு 41 வயது. ஒவ்வொரு மாதமும் ஒன்பது நாள் ரத்தப்போக்கு, உறைந்து உறைந்து விழுகிறது, ராத்திரியில் எழுந்து விரிப்பை மாற்ற வேண்டியிருக்கிறது. "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனாள். ஹீமோகுளோபின் 7 (12-க்குக் கீழே போனாலே பெண்களுக்கு ரத்தசோகைதான்). ஸ்கேனில் ஃபைப்ராய்டு தெரிந்தது. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கும்மா கர்ப்பப்பை, எடுத்துடலாம்" என்று பத்து நிமிஷத்தில் பேச்சை முடித்து அனுப்பிவிட்டார்கள். வேறு வழி இருக்கிறதா என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. எனக்கு ஆறவே இல்லை.

வழி இருக்கிறது, ஒன்றல்ல, பல. அதற்கு முன் ஒரு விஷயம். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளரும் கட்டி, புற்றுநோய் அல்ல. அப்படி இருக்க வாய்ப்பு மிகமிகக் குறைவு. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது, தொந்தரவு இல்லாவிட்டால் ஒன்றுமே செய்ய வேண்டியதும் இல்லை. எல்லோரும் "எத்தனை சென்டிமீட்டர்" என்றுதான் கேட்கிறார்கள், ஆனால் முதலில் கேட்க வேண்டியது அது எங்கே இருக்கிறது என்பதை. கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்தி நிற்கும் 2 சென்டிமீட்டர் கட்டி ஆளையே சாய்க்கிற அளவுக்கு ரத்தத்தைக் கொட்டவைக்கும். வெளிப்பக்கமாக வளர்ந்த 7 சென்டிமீட்டர் கட்டி சத்தமில்லாமல் கிடக்கும், மிஞ்சினால் மூத்திரப்பையை அழுத்தி அடிக்கடி பாத்ரூம் போகவைக்கும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் ரத்தப்போக்கு நிற்கும், கட்டி திரும்ப வராது. இவ்வளவு உறுதியை வேறு எந்த வழியும் தராது, அதை மறுக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா 47 வயதில், ஏழெட்டுக் கட்டிகளோடு அவதிப்பட்டு, எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். அவருக்கு அதுதான் சரி. ஆனால் அது பெரிய ஆபரேஷன், வயிற்றைத் திறந்து செய்தால் தேற ஆறு வாரம் போல ஆகும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாளே மெனோபாஸ்தான்: உடம்பு கொதிக்கும், எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதல்ல. சினைப்பைகளை விட்டுவைத்தாலும்கூட மெனோபாஸ் கொஞ்சம் முன்னதாக வரலாம். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப்போகும் இளம் பெண்கள் கூட்டம்கூட்டமாகக் கர்ப்பப்பையை இழந்த செய்தி 2019-இல் வெளிவந்து நாடே அதிர்ந்தது. தேவையில்லாமல் இப்படி எடுப்பது பற்றிய வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. அதனால்தான் "எடுத்துடலாம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பதறுகிறது.

கட்டியை மட்டும் எடுப்பதற்கு மயோமெக்டமி என்று பெயர். உட்குழிக்குள் இருக்கும் கட்டி என்றால் வயிற்றில் கத்தியே படாது, கீழ்வழியாகக் கேமராவை விட்டுச் சீவி எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு வந்துவிடலாம். மற்ற கட்டிகளுக்கு லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்வது) அல்லது திறந்த ஆபரேஷன். இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் சொல்வது இதைத்தான். குறை என்னவென்றால் புதுக்கட்டி முளைக்கலாம், ஆபரேஷனின்போது ரத்தம் அதிகம் போகலாம், தசையை ஆழமாக வெட்டித் தைத்திருந்தால் பிறகு பிரசவம் பெரும்பாலும் சிசேரியனாகத்தான் இருக்கும்.

பலருக்கும் யாரும் சொல்லாத வழி ஒன்று உண்டு, எம்போலைசேஷன். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் பாதையை மணல் போன்ற துகள்களால் அடைக்கிறார்கள், கட்டி பட்டினி கிடந்து சுருங்குகிறது. 1995-இல் பாரிஸ் மருத்துவர் ரவினா இதை உலகுக்குச் சொன்னார். தழும்பு இல்லை, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம், ஆனால் முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். ஐந்து வருஷத்துக்குள் பத்தில் ஏறக்குறைய மூன்று பேருக்கு மறுபடி ஏதாவது சிகிச்சை தேவைப்படுகிறது. பிரிட்டனில் 254 பெண்களிடம் இதையும் மயோமெக்டமியையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், இரண்டு வருஷம் கழித்து இரு தரப்புமே நன்றாகத் தேறியிருந்தார்கள், மயோமெக்டமி பக்கம் சற்றுக் கூடுதலாக. இதைச் செய்வது மகப்பேறு டாக்டர் இல்லை, ரேடியாலஜி பிரிவில் இதற்கென்று தனிப்பயிற்சி பெற்றவர். பேச்சில் இது வராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மருந்துகளைப் பொறுத்தவரை எதுவும் கட்டியை ஒழிக்காது, காலத்தைச் சம்பாதித்துத் தரும். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை ரத்தம் போகும் நாட்களில் மட்டும் போடுவது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்பில் காப்பருக்குப் பதில் ஹார்மோன் உள்ள வகை, மிரீனா என்பார்கள், ரத்தப்போக்கை வெகுவாகக் குறைக்கும், ஆனால் கட்டி உட்குழியைக் கோணலாக்கியிருந்தால் நழுவி விழுந்துவிடலாம். மாதம் ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி கட்டியைச் சுருக்கும், நிறுத்தினால் மறுபடி வளரும், நீட்டித்தால் எலும்பைப் பாதிக்கும், அதனால் ஆபரேஷனுக்கு முன் சில மாதம்தான். மெனோபாஸுக்குப் பிறகு கட்டி தானாகவே சுருங்கும் என்பதால் 49 வயதுக்காரருக்கு இந்தக் காலச் சம்பாத்தியமே போதுமானதாக இருக்கலாம், 32 வயதுக்காரருக்குப் போதாது.

என் தங்கைக்கு இப்போது நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏறுகிறது, எந்த வழியில் போனாலும் முதலில் ரத்தசோகை தேறியாக வேண்டும். அடுத்த வாரம் வேறொரு டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டின் பின்பக்கம் அவளே எழுதி வைத்திருக்கிறாள்: கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை, கீழ்வழியாக எடுக்க முடியுமா, முடியாவிட்டால் எம்போலைசேஷன் எனக்குச் சரிவருமா, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றால் சினைப்பைகள் இருக்குமா.