தூண்டிற்கோலைப் படமெடுக்க ஜன்னல் வெளிச்சமா, எல்இடி விளக்கா?

கையால் செய்த தூண்டிற்கோலைப் படமெடுக்க உட்காருபவருக்கு முதல் தொல்லை அதன் நீளம். ஏழடிக் கோலை 6000 பிக்சல் அகலப் படத்துக்குள் அடக்கினால், ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.36 மி.மீ. அளவைக் காட்டும், தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கோலோடு கட்டும் மெல்லிய நூலின் தடிமனோ அதில் பாதிகூட இராது. எனவே முழுக் கோலின் படம் அளவு தெரிவதற்கு மட்டுமே. கைத்திறன் தெரிய வேண்டுமானால் நூற்சுற்றை நெருங்கித்தான் எடுத்தாக வேண்டும். வெளிச்சம் பற்றிய கேள்வி அங்கேதான் எழுகிறது.

நூற்சுற்றின் மேல் பூசிய எப்பாக்ஸி என்னும் பளபளப்பான பிசின், உருளை வடிவக் கண்ணாடி போன்றது. எதிரில் உள்ள ஒளியை அப்படியே பிரதிபலிக்கும். நேர்வெயில் விழாத ஜன்னலுக்கு இணையாகக் கோலைக் கிடத்தினால், நூலின் நிறம் கெடாமல் மெல்லிய வெண்கோடு ஒன்று நெடுக ஓடும். பூச்சில் மேடோ குமிழியோ இருந்தால் அக்கோடு அவ்விடத்தில் வளைந்து காட்டிக்கொடுத்துவிடும். (விற்பவருக்குச் சங்கடம், செய்பவருக்குப் பாடம்.) மறைப்பில்லாத எல்இடி விளக்கோ ஒவ்வொரு சுற்றின் மேலும் ஒரு வெள்ளைப் புள்ளியைக் குத்தி, அடியிலுள்ள நிறத்தை விழுங்கிவிடுகிறது.

ஆனால் ஜன்னலை நம்பி ஒரு கோலின் எல்லாச் சுற்றுகளையும் எடுத்து முடிப்பது கடினம். மேகம் ஒன்று கடந்தாலே மூன்றாவது படமும் நான்காவது படமும் வெவ்வேறு கோலுடையவை போலத் தோன்றும். விளக்கு மாறாது. அதன் முன் வெள்ளைத் துணியைக் கோலுக்கு இணையாக நீளமாக விரித்துக் கட்டினால், ஜன்னல் தரும் அதே கோட்டை ஓரளவு வரவழைக்கலாம். மலிவான விளக்குகளில் சில கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் படத்தில் பட்டை விழும் என்பதை மட்டும் முதலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் சேர்த்து எரியவிடுவதுதான் மோசம். பட்டறையின் மஞ்சள் பல்பை அணைக்க மறந்து நான் எடுத்த படங்களில் கார்க் பிடியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் வந்தது. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையைத் திருத்தியும் ஒரு பக்கம்தான் சரியானது.

லென்சின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் வடிகட்டி எப்பாக்ஸியின் மினுக்கை அடக்கும், உலோக வளையத்தின் மினுக்கை அடக்காது. மினுக்கு முற்றும் போனால் பூச்சே இல்லாததுபோல் ஆகிவிடுவதால், நான் அதைப் பாதியளவே திருப்புகிறேன். நூற்சுற்றின் ஒற்றைப் படத்துக்கு எனக்கு ஜன்னலே போதும். வரிசையாகப் பத்துப் படம் வேண்டுமானால் திரையை மூடிவிட்டு விளக்கைப் போடுகிறேன்.