அண்ணாச்சி கடைக் காவி: கல்லூரிச் சுவரோவியத்துக்குப் பெயிண்ட் வாங்கிய கதை

பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெரிய சுவரில் ஓவியம் தீட்டப் போகிறீர்கள், பெயிண்டைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால், கோவை சிங்காநல்லூரில் திருச்சி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கும் இந்தப் பழைய கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். ஆணி, தாழ்ப்பாள், நைலான் கயிறு எல்லாம் முகப்பிலேயே தொங்கும். பக்கத்தில் மாவு மில். உள்ளே நிறம் கலக்கும் இயந்திரம் ஒன்று, அதற்குப் பின்னால் அண்ணாச்சி.

நான் தாவரவியல் ஆசிரியை. எங்கள் கல்லூரியில் மாணவர் பண்பாட்டு மன்றத்தின் பொறுப்பு என்னிடம் வந்தபோது, உணவகத்துக்கு எதிரே இருக்கும் வெற்றுச் சுவரில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஓவியம் தீட்ட வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். 40 அடி நீளம், 9 அடி உயரம். கேரள மாணவர்கள், நாகாலாந்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள், நீலகிரியின் தோடர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள், ராஜ வீதிப் பக்கம் தங்கம் உருக்கும் மராத்திக் குடும்பத்துப் பெண்கள், ஈழத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள், தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள், இந்த ஊர்க்காரர்கள் என்று எட்டுக் குழுக்கள் பெயர் கொடுத்தன. சுவரை 5 அடிக்கு ஒரு கட்டமாக எட்டாகப் பிரித்து, ஆளுக்கொரு கட்டம் என்று சாக்பீஸால் கோடு போட்டோம். ஒவ்வொரு குழுவும் தனக்கு வேண்டிய நிறங்களை எழுதிக் கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் 31 நிறங்கள், 40 லிட்டர் பெயிண்ட். நகரத்தின் பெரிய கடை ஒன்றில் விலை கேட்டேன். 26,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது அதில் பாதி. அப்போதுதான் எங்கள் அலுவலக உதவியாளர் இந்தக் கடையைச் சொன்னார்.

அண்ணாச்சி பட்டியலை நிதானமாகப் படித்தார். "முதலில் சுவரைப் பார்க்க வேண்டும், டீச்சர்" என்றார். அன்று மாலையே மொபெட்டில் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துச் சுவரின் அடிப்பகுதியைச் சுரண்டினார். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது. உப்புப் பூத்திருந்தது. சுவருக்குப் பின்னால் கைகழுவும் குழாய். அதன் கசிவு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. குழாயைச் சரிசெய்து, சுவர் காய்ந்து, உப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்தெடுத்த பிறகே பிரைமர் என்ற முதல் பூச்சு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும் என்றார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு டப்பாகூட விற்கவில்லை. குழாயைச் சரிசெய்ய நிர்வாகத்திடம் மூன்று வாரம் நடந்தேன். கசப்பான மூன்று வாரம். ஆனால் அதைச் செய்யாமல் தொடங்கியிருந்தால் கீழே இரண்டு அடி ஓவியமும் அடுத்த மழையில் பொருக்குப் பொருக்காக விழுந்திருக்கும்.

கணக்கையும் அவரே போட்டார். 360 சதுர அடிக்கு வெளிச்சுவர் பிரைமர் 4 லிட்டர். வெளிச்சுவர் எமல்ஷன் பெயிண்ட் லிட்டருக்கு ஏறக்குறைய 50 சதுர அடி, அதுவும் இரண்டு பூச்சுக்கு. அப்படியானால் வெள்ளை அடிப்பூச்சுக்கு ஏறக்குறைய 7 லிட்டர் போதும். 20 லிட்டர் வெள்ளை வாளி ஒன்று வாங்கினால் மிச்சத்தில் வெளிர் நிறங்கள் அத்தனையும் கலந்துகொள்ளலாம். அடர்ந்த நிறங்களுக்கு மட்டும் தனி டின் வேண்டும். வெள்ளையில் ஸ்டெய்னர் என்ற செறிந்த நிறக் கலவையை ஊற்றிக்கொண்டே போனால் சிவப்பு வராது, ரோஜா நிறம்தான் வரும். அளவுக்கு மீறி ஊற்றினால் பெயிண்ட் சுவரில் பிடிக்காது. இவ்வளவையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, பிள்ளைகளுக்குப் புரியும்வரை சொன்னார்.

அதன் பிறகுதான் எனக்கு மறக்கவே முடியாத அந்தச் சனிக்கிழமை வந்தது. ஒவ்வொரு குழுவும் தன் நிறத்துக்கு மாதிரி கொண்டு வரட்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். மராத்திப் பெண் ஒருத்தி வீட்டிலிருந்து ஒரு துண்டுக் காவிக்கல் கொண்டு வந்தாள். கேரு என்றாள். துளசி மாடத்தைச் சுற்றி அதைக் கரைத்துப் பூசி, மேலே வெள்ளையில் ரங்கோலி போடுவார்களாம். முதலில் அவள் பட்டியலில் இருந்தது வார்லி ஓவியம். அது மகாராஷ்டிரத்தின் பால்கர் பக்கத்துப் பழங்குடியினருடையது, எங்கள் வீட்டில் யாரும் வரைந்ததில்லை என்று அவளே மாற்றிக்கொண்டாள். குறும்பர் வீட்டுப் பையன் கோத்தகிரிப் பக்கத்துச் செம்மண்ணை ஒரு பொட்டலத்தில் கட்டி வந்தான். அவன் தாத்தா வரைவது அந்த மண்ணாலும் மரப்பிசினாலும்தான். கேரள மாணவர்கள் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியத்தின் படத்தைக் காட்டினார்கள். மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்ற ஐந்து நிறத்தில் அவர்களுக்கு வேண்டியது அந்தச் சிவப்பு. எங்கள் ஊர்ப் பெண்கள் மார்கழிக் கோலத்துக்குக் கட்டும் செம்மண் கரையைக் கேட்டார்கள். தங்கள் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவந்த மண் வேண்டும் என்றார்கள் தூத்துக்குடிப் பிள்ளைகள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கடை மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்றும் பேசாமல் நிற அட்டையை எடுத்து ஒரே ஒரு சதுரத்தைக் காட்டினார். ரெட் ஆக்சைடு, அதாவது காவி. பட்டியலில் ஐந்து பெயரோடு இருந்தது ஒரே நிறம். மண்ணைச் சிவப்பாக்குவதும் காவிக்கல்லைச் சிவப்பாக்குவதும் இரும்புத் துருதான் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கடை மேசையில் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. பிள்ளைகள் ஒருவர் கொண்டு வந்ததை ஒருவர் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்கள். குறும்பர் பையன் தன் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அண்ணாச்சிக்கும் கொடுத்தான்.

"இது ஏற்கெனவே துருப்பிடித்து முடிந்த பொருள், தம்பி. வெயில் இதை இனி என்ன செய்யும்?" என்றார் அவர். உண்மைதான். வெளிச்சுவரில் நெடுங்காலம் தாங்கும் சிவப்பு இது.

அந்தக் காவியை முதல் நாள் ரோலரால் பூசினோம். எட்டில் ஐந்து கட்டங்களுக்கு அதுதான் அடித்தளம். பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், இடையில் போட்டிருந்த சாக்பீஸ் கோடுகள் காணாமல் போயிருந்தன. 25 அடிக்கு ஒரே செம்மண் நிலம். மறுபடி கோடு போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் மேடம் என்று மூன்று நான்கு குரல்கள் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு துளசி மாடத்தின் ரங்கோலி கோலத்துக்குள் நீண்டது, கோலத்தின் கம்பி குறும்பர் வரைந்த தேனெடுக்கும் மரத்தின் அடியில் போய்ச் சுற்றியது.

எல்லாவற்றுக்கும் காவி பொருந்தவில்லை. தோடர் பூவேலை வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகச் செய்வது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வரைந்துகொண்டு தைக்க மாட்டார்கள், துணியின் இழைகளை எண்ணியே ஊசி போகும். தோடர் பெண் சுவரிலும் அப்படியே செய்தாள். பென்சிலால் அரை அங்குலக் கட்டங்கள் போட்டு, எண்ணி எண்ணி நிரப்பினாள். பக்கத்தில் புள்ளி எண்ணிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவளுக்கு எண்ணிக் கொடுத்தார்கள். அவளுக்கும் நாகா பிள்ளைகளுக்கும் வேண்டியது பளிச்சென்ற சிவப்பு. அது மேற்கு வெயிலில் வெளுக்கும், சன்ஷேடுக்குக் கீழே வரும் பகுதியை அவர்களுக்குக் கொடுங்கள் என்று அண்ணாச்சி முன்பே சொல்லியிருந்தார். முழுவதும் அங்கே அடங்கவில்லை. நாகா சால்வையின் ஓரம் ஓர் அடி வெளியே நீண்டது. நாகர்களில் ஆவோ இனத்தின் மரபில் அந்தச் சால்வையை எல்லாரும் போர்த்திவிட முடியாது. ஒரு காலத்தில் போரில் தலை கொண்டவனுக்கும், மிதுன் என்ற மலைமாட்டைப் பலியிட்டு ஊருக்கு விருந்து வைத்தவனுக்கும் உரியது. நாகா பெண் ஊருக்குப் போன் செய்து மாமாவிடம் கேட்டாள். நடுவிலிருக்கும் வெள்ளைப் பட்டையின் உருவங்கள் அனைத்தையும் வரைய வேண்டாம், மிதுன் ஒன்று போதும் என்று அவர் சொல்ல, அப்படியே வரைந்தாள்.

பனைமரத்துக்கு வருகிறேன். தூத்துக்குடிப் பிள்ளைகளும் பனை கேட்டார்கள், முகாமிலிருந்து வந்த பிள்ளைகளும் பனை கேட்டார்கள். ஒருவருக்கு அது தேரிக்காடு, இன்னொருவருக்குத் தாத்தா சொல்லி மட்டுமே கேட்ட யாழ்ப்பாணம். இரண்டு நாள் மனத்தாங்கல் இருந்தது. கடையில் அண்ணாச்சியின் முன்னாலேயே பேச்சு வந்துவிட்டது. அவர் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா பனை ஏறியவர். ஒரே பனை போடுங்கள், அடிமரத்தை நான் கலந்து தருகிறேன் என்றார். கறுப்பில் கொஞ்சம் காவி, கொஞ்சம் வெள்ளை. சாம்பலாகவும் இல்லாமல் பழுப்பாகவும் இல்லாமல் மழையில் நனைந்த பனையின் நிறம். அதற்கு அவர் காசு வாங்கவில்லை. 9 அடிக்கு நிற்கும் அந்த மரத்தின் வளையத் தழும்புகளை இரண்டு குழுவும் மாறி மாறிப் போட்டது.

நிறங்களை ஒரே இடத்தில், வேப்பமரத்தடி மேசையில், இரண்டு பேர் மட்டுமே கலக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பச்சை வேண்டுமென்றால் எந்தக் குழுவும் அங்கேதான் வர வேண்டும். கலந்ததை எடுத்துப்போகத் தேங்காய் ஓடுகள் வைத்திருந்தோம். கேரளப் பிள்ளைகள் சிரட்டை என்றார்கள், தூத்துக்குடியும் சிரட்டை என்றது, முகாம் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். கொட்டாங்குச்சி என்றது நாங்கள் மட்டும். இரண்டாம் வாரத்தில் நாகா பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் சிரட்டைதான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூடித் பாக்கா 1976இல் தொடங்கி, 400க்கும் மேற்பட்ட இளைஞர்களோடு வெள்ளக் கால்வாய்ச் சுவரில் அரை மைல் நீளத்துக்குத் தீட்டிய ஓவியத்தின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தேன். அண்ணாச்சியும் பார்த்தார். எத்தனை வருடம் நின்றது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. 2011இல் புதுப்பித்தார்கள் என்றேன். அப்படியானால் நிறங்களின் எண்ணை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே ஒரு நோட்டு போட்டார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காவி முதல் 4 லிட்டர் டின் தீர்ந்ததும் இன்னொரு லிட்டர் வாங்கினோம். அதே எண், அதே இயந்திரம், ஆனாலும் ஒரு சாயல் வெளிர்ந்திருந்தது. குழாய்ப் பக்கத்து மூலையில் இன்றும் தெரிகிறது. இரண்டு டின்னையும் முதலிலேயே வாங்கி ஒன்றாகக் கொட்டிக் கலக்கிய பிறகே பூசியிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று நான் வருத்தப்பட்டேன், அவர் ஒப்புக்கொண்டார். விலை குறைந்த பிரஷ்களில் முடி உதிர்கிறது, மெல்லிய கோடுகளுக்கு அவை உதவாது. ஓவியப் பிரஷ் வேறு கடையில் வாங்குங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை பூட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு நேரம் கிடைப்பதோ ஞாயிறுதான், இரண்டு வாரம் கறுப்பு இல்லாமல் நின்றோம். கொண்டுவந்து தருகிறோம் என்று சொன்ன 20 லிட்டர் வாளி ஒரு நாள் தாமதமாக வந்தது.

மொத்தச் செலவு 11,460 ரூபாய். பிரைமர், எமல்ஷன், நான்கு அடர் நிற டின்கள், ஸ்டெய்னர், ரோலர், சாரம் கட்டக் கயிறு எல்லாம் சேர்த்து. திறக்காத இரண்டு ஸ்டெய்னர் புட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார்.

போகும்போது சுவரின் அளவையும், எந்தத் திசை பார்த்தது என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். காலை பத்து மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது, பேச நேரம் கொடுப்பார்.

ஓவியம் முடிந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது. இரண்டு பருவமழையும் கடந்துவிட்டன. காவி அப்படியே இருக்கிறது. சன்ஷேடுக்கு வெளியே நீண்ட அந்த ஓர் அடி நாகா சிவப்பு, அவர் சொன்னபடியே வெளுத்துவிட்டது. போன வாரம் அந்தப் பெண்ணும் நானும் கடைக்குப் போனோம். அண்ணாச்சி நோட்டைப் புரட்டி எண்ணைப் பார்த்து ஒரு லிட்டர் கலந்து கொடுத்தார். மூடியின் மேல் தேதியைக் குறித்துவிட்டு, பனை எப்படி இருக்கிறது என்று கேட்டார்.