பெங்களூரு கார்க்காரர்கள் கவனத்துக்கு: ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டு பம்ப்புக்கு பில் போடுகிறார்கள்

ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு கராஜில் நடந்தது. அல்சூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற ஒருவரின் பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். சில்க் போர்டு சிக்னலில் ஏசியோடு நின்றால் ஆர்பிஎம் முள் தொங்கிப்போய் வண்டி ஆஃப் ஆகும். சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடும், பிக்கப்பில் குறையே இல்லை. கராஜில் "பம்ப் போச்சு சார்" என்றார்கள். ஃப்யூவல் பம்ப், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் சேர்த்து பில் 11,000 ரூபாயைத் தாண்டியது. அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. ஆனால் மைலேஜ் விழுந்தது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி தள்ளிக்கொண்டே போனது.

பானட்டைத் திறந்து பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது. த்ராட்டில் என்பது இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு. ஆக்ஸிலேட்டர் கேபிளால் அதை இழுக்கும் வண்டிகளில், தட்டு இருக்கும் த்ராட்டில் பாடியின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும். கம்பெனியிலேயே செட் செய்து பெயின்ட் தொட்டு அனுப்புவது அது, கராஜில் தொடுவதற்கானதல்ல. இந்த வண்டியில் பெயின்ட் உடைந்திருந்தது. இன்ஜின் சூடான பிறகும் ஐட்லிங் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் வேகம்) 1,150 ஆர்பிஎம். இருக்க வேண்டியது 800 பக்கம்.

அந்த ஸ்க்ரூவைத் திருகினால் த்ராட்டில் முழுதாக மூடாது. காற்று கூடுதலாகப் போகும், அதற்கேற்ப ஈசியூவும் (இன்ஜினின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் கொடுக்கும், வண்டி ஆஃப் ஆகாது. கூடவே, 'த்ராட்டில் மூடிவிட்டது' என்ற சிக்னல் ஈசியூவுக்குக் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் கியரில் இறக்கத்தில் வரும்போது பெட்ரோலை நிறுத்தும் வேலையும் நடக்காது. சின்ன பெட்ரோல் கார் சரியான ஐட்லிங்கிலேயே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி போட்டால் ஒரு லிட்டரை நெருங்கும். நம்ம ஊர் டிராஃபிக்கில் 1,150-ல் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையான கோளாறு த்ராட்டில் தட்டின் ஓரத்தில் படிந்த கார்பனும், அழுக்கேறிய ஐட்லிங் வால்வும்தான். ஏசி கம்ப்ரஸர் சேரும்போது கூடுதல் காற்று கொடுக்க வேண்டியது அந்த வால்வு. ஏர் ஹோஸைக் கழற்றி, த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்து, தட்டின் இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம், சில த்ராட்டில் பாடிகளின் உள்பூச்சை அரித்துவிடும். எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளவே கூடாது. துடைத்த பிறகு ஐட்லிங் ரீலேர்ன், அதாவது சரியான ஐட்லிங்கை ஈசியூவுக்கு மறுபடி பழக்குவது, செய்ய வேண்டும். முறை மாடலுக்கு மாடல் மாறும், சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை.

பம்ப் பலவீனமானால் பெரும்பாலும் முதலில் தெரிவது சிக்னலில் அல்ல, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறும்போது. மிதித்தும் இழுக்காது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டில் ஆஃப் ஆகி, ஆறின பிறகு மட்டும் ஸ்டார்ட் ஆனால் கிராங்க் சென்சரை (இன்ஜின் சுழற்சியை ஈசியூவுக்குச் சொல்லும் சென்சர்) சந்தேகியுங்கள். ஐட்லிங் ஏறி இறங்கி, 'உஸ்' என்று சத்தமும் வந்தால் வாக்குவம் ஹோஸில் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்) லீக். பிரேக் பெடலும் கல்லாக இருந்தால் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் விரிசல் விழுந்திருக்கலாம், அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

பம்ப் மாற்றச் சொன்னால் கேஜ் மாட்டி பெட்ரோல் பிரஷரைக் காட்டச் சொல்லுங்கள். பல பெட்ரோல் கார்களில் 3 பார் ஒட்டி இருக்கும், உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் உண்டு. 'கேஜ் இல்லை' என்கிற இடத்தில் பம்ப்பை மாற்ற விடாதீர்கள். ஈசியூவில் பதிவான ஃபால்ட் கோட்களை அழிப்பதற்கு முன்னாலேயே ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்குங்கள். பி0506 என்றால் ஐட்லிங் குறைவு, பி0507 என்றால் அதிகம், பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. கழற்றிய பார்ட்டையும் கேட்டு வாங்குங்கள். வண்டியை விடும்போது அந்த ஸ்க்ரூவை ஒரு போட்டோ, எடுக்கும்போது ஒரு போட்டோ.

ஜிஎஸ்டி பில் கையில் இருந்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். வெள்ளைத் தாளில் எழுதித் தந்த எஸ்டிமேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம்.