குறும்படம் எடுத்துக் கற்றுக்கொண்ட எடிட்டிங்: டாவின்சி ரிசால்வ், நீண்ட நாள் பழகிய பிறகு

மாணவர் குறும்படம் ஒன்றுக்காகத்தான் எங்கள் குழு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு வந்தது. படம் முடிந்து திரையிட்டு வருடங்கள் ஆகிவிட்டன. எடிட்டிங் என்றால் இன்றும் நான் திறப்பது இதைத்தான். படமெடுக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது எங்கே கைகொடுக்கும், எங்கே இடிக்கும் என்பதை, ஒரு படத்தின் எல்லாக் கட்டத்திலும் கூட வைத்துப் புழங்கியதிலிருந்து சொல்கிறேன்.

திரையின் அடியில் மீடியா, கட், எடிட், ஃப்யூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர் என்று ஏழு பக்கங்கள் வரிசையாக இருக்கும். ரிசால்வ் முதலில் கலர் வேலைக்கான, அதாவது ஷாட்டுகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்வதற்கான கருவி. 2009-ல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் டாவின்சியை வாங்கியது. 2017-ல் வந்த 14-ஆம் பதிப்பில் ஒலிக்கான ஃபேர்லைட் சேர்ந்தது, அடுத்த ஆண்டு 15-ஆம் பதிப்பில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஃப்யூஷன். தனித்தனி ஆட்கள் தனித்தனி மென்பொருளில் செய்த வேலையெல்லாம் ஒரே கூரைக்குள் வந்ததால், இடமிருந்து வலமாக ஒருமுறை நடந்தாலே ஒரு படம் எப்படி உருவாகிறது என்பது பிடிபட்டுவிடும். மாணவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், படப்பிடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்று எடிட்டிங் மேசை கற்றுக்கொடுத்தது. புராஜெக்ட்டில் கிளிப்புகளைச் சேர்த்துவிட்டால் அதன் பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் என்பதை) அமைப்பில் மாற்ற முடியாது. அதனால் 24-ஆ, 25-ஆ, 30-ஆ என்ற முடிவைக் கேமராவைத் தொடும் முன்பே எடுத்தாக வேண்டும். 24 என்றால் ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்சம் விழும் நேரம், ஒரு நொடியில் 1/48 அல்லது 1/50 பங்கு. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் 1/50 வைத்தால் குழல்விளக்கு மினுக்குவதும் அடங்கும். செல்போனில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போனோடு வரும் கேமரா ஆப் பெரும்பாலும் பிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் பதிவு செய்யும். தனியாகப் பதிவு செய்த ஒலியை அதோடு சேர்த்தால், ஷாட்டின் தொடக்கத்தில் உதடு பொருந்தும், முடிவில் நழுவும். பிரேம் ரேட், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் அமைப்பு) எல்லாவற்றையும் பூட்டி வைக்கிற ஆப்பில்தான் எடுக்க வேண்டும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இதை இலவசமாகவே செய்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மேசையில் எதிரெதிரே இருவர். ஒருத்தி பேச்சை முறித்து எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறாள். வைடு ஷாட்டில் அவள் கை தாழ்ப்பாளைத் தொடும் வரை இருக்கிறது. க்ளோசப்பில் கை சட்டகத்துக்குள் வருவதிலிருந்து கதவு முழுதாகத் திறக்கும் வரை இருக்கிறது. இரண்டிலும் ஒரே அசைவு இருப்பதால், கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே வெட்டினால் வெட்டு கண்ணில் படாது. கை நின்ற பிறகு வெட்டிப் பாருங்கள், பட்டென்று தெரியும். அப்புறம் தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் எட்டு பிரேம் முன்னால் இழுத்து, எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தின்மேல் விழ வைத்தோம். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஆனாலும் அவள் போய்விட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. நடிப்பில் இல்லாத ஒன்று எடிட்டிங்கில் வந்தது. நொடிக்கு 24 என்றால், எட்டு பிரேம் என்பது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான்!

ஒலியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மாணவர் படம் என்று பார்ப்பவர்கள் கண்டுகொள்வது பெரும்பாலும் ஒலியை வைத்துத்தான். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், வசனம் எதிரொலித்தால் மாட்டார்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் தனி ரெக்கார்டரில் பதிவு செய்து, டேக்குக்கு ஒரு கிளாப் அடித்தால் போதும். அலைவடிவத்தை வைத்து ரிசால்வே கிளிப்பையும் ஒலியையும் இணைத்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் வாயை மூடி நிற்க, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தத்தை, எடுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டும்போது விழும் பள்ளத்தை அதை வைத்துத்தான் நிரப்ப முடியும். ஃபேர்லைட்டில் வசனத்துக்கு ஒரு டிராக், ரூம் டோனுக்கு ஒன்று, காலடி, கதவு போன்ற சத்தங்களுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று பிரித்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

கணினி திணறினால் ப்ராக்ஸி போடுங்கள். அசல் கோப்பு அப்படியே இருக்கும், சிறிய நகலில் எடிட் செய்யலாம். இடத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்: நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஒரு பிரதியை வேறு ஹார்ட் டிஸ்கில் போட்டு, திறந்து பார்த்த பிறகே மெமரி கார்டை அழிக்கலாம்.

கலர் பக்கம் முதலில் மிரட்டும். அடுக்குகள் இருக்காது, நோடுகள்தான்: ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு திருத்தம். முதல் நோடில் வெளிச்சமும் ஒயிட் பேலன்ஸும், அடுத்ததில் பக்கத்து ஷாட்டோடு பொருத்துவது, கடைசியில்தான் அழகு. இந்த வரிசையை விடாமல் பிடித்தால் பயம் போய்விடும். லேப்டாப் திரை ஏமாற்றும், வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து வரைபடமாகக் காட்டும் ஸ்கோப் ஏமாற்றாது. நிறத்தைக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோலின் நிறத்துக்கென ஒரு கோடு உண்டு. மாநிறமோ கறுப்போ சிவப்போ, யார் முகமும் அதையொட்டித்தான் விழும்.

சரி, இடிக்கிற இடங்கள். புராஜெக்ட் உங்கள் ஃபோல்டரில் ஒரு கோப்பாக இருக்காது, ரிசால்வின் தரவுத்தளத்துக்குள் இருக்கும். வேறு கணினிக்குப் போக வேண்டுமென்றால் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அப்போதும் எடுத்த ஃபுட்டேஜ் அதோடு சேர்ந்து வராது. இலவசப் பதிப்பில் படத்துக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன் இல்லை, அதனால் இருட்டில் எடுத்த ஷாட்டின் புள்ளிகளைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நம்பக் கூடாது. லினக்ஸில் இலவசப் பதிப்பு ஹெச்.264 (பல கேமராக்களும் போன்களும் பதிவு செய்யும் வீடியோ வடிவம்) கோப்புகளைத் திறக்காது. ஏற்றுமதி 3840×2160 வரைதான், ஒரு குறும்படத்துக்கு அது தாராளம். காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்புக்குச் சந்தா கட்டியே ஆக வேண்டும் என்றில்லை, ஒரே தடவையில் வாங்கிவிடலாம். ஆனாலும் முதல் படத்துக்கு அது வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல மைக் வாங்குங்கள்.

படம் தொடங்கப்போகும் குழுவுக்கு ஒரு யோசனை: முதல் நாள் படப்பிடிப்புக்கு முந்தைய வாரமே, நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே கேமரா, அதே மைக், அதே கணினியை வைத்து ஒரு நிமிடக் காட்சி எடுத்து, ஏழு பக்கங்களிலும் ஓட்டி எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதைப் போனிலும் பார்த்துவிட்டு, படம் திரையிடப்படவிருக்கும் அரங்கின் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள்.