ஏ16, நத்திங் 2ஏ, பழைய ஐபோன் 13: ஆண்டுக் கணக்கில் ஒரு கைபேசித் தேர்வு

2024 நவம்பரில் ஒரு நாள் காலை, மெய்ப்புத் திருத்திய கூலி வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிச் செயலியைத் தொட்டேன். இந்தக் கைபேசியின் இயங்குதளத்தில் இனி இச்செயலி இயங்காது என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றது. 2018 இறுதியில் வாங்கிய கைபேசி அது. திரையில் ஒரு கீறல் கிடையாது. மின்கலத்தை ஒருமுறை மாற்றியிருந்தேன்; காலையில் சார்ஜ் ஏற்றினால் இரவு வரை தாங்கும். குறை ஒன்றே ஒன்றுதான். ஆண்ட்ராய்டு 8-உடன் வந்தது, ஆண்ட்ராய்டு 8-உடனேயே நின்றுவிட்டது. விற்ற நிறுவனம் ஒன்றரை ஆண்டு கழித்து அதை மறந்துவிட்டது.

நல்ல உடம்போடு இருக்கும் ஒரு பொருளைக் கைவிட வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்குப் பல நாள் தீரவில்லை. அடுத்த கைபேசிக்கும் இதே கதி வரக்கூடாது என்ற ஒரே எண்ணத்தோடுதான் இரண்டு மாதம் தேடி, 2025 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-யை வாங்கினேன். அதனுடன் கடைசிவரை போட்டியில் நின்றவை நத்திங் என்ற நிறுவனத்தின் போன் 2ஏ, பிறர் பயன்படுத்திக் கடைக்கு வந்த ஐபோன் 13. கூகுள் பிக்சல் 8ஏ மேலும் ஓர் ஆசை. அறிமுக விலை 52,999 ரூபாய் என்பதால் ஆசையோடு நின்றுவிட்டது.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். பதிப்பகங்கள் மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎப் கோப்புகளைப் பார்ப்பது, வாட்ஸ்அப்பில் எழுத்தாளர்களோடு சந்தேகம் தீர்த்துக்கொள்வது, வங்கி, யுபிஐ, இணையத்தில் அகராதி தேடுவது. விளையாட்டு கிடையாது. திருத்திய தாளைப் படம்பிடித்து அனுப்புவதோடு கேமராவின் வேலை முடிந்தது. இந்த வேலைகளுக்கு மூன்றுமே போதும். மூன்றிலும் 5ஜி உண்டு, மூன்றின் திரையும் கண்ணுக்கு இதமான அமோலெட் வகை. ஏ16, 2ஏ இரண்டிலும் 5,000 மில்லி ஆம்பியர்மணி மின்கலம், திரை 6.7 அங்குலம். ஐபோன் 13-இன் திரை 6.1 அங்குலம், கைக்கு அடக்கம், ஆனால் பக்க அளவில் வரும் பிடிஎப்-ஐ விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். நாள் முழுவதும் புள்ளி இருக்கிறதா, ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பவனுக்கு அது சிறிய விஷயமன்று.

வேகத்தில் ஏ16 மூன்றாவது இடத்தில்தான் நிற்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அதிலுள்ள மீடியாடெக் டைமென்சிட்டி 6300 சிப், 2ஏ-யில் உள்ள டைமென்சிட்டி 7200 புரோவுக்கு ஈடாகாது; ஐபோன் 13-இன் ஏ15 சிப் இரண்டையும் விட வலிமையானது. திரை ஒரு நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதில் 2ஏ 120 ஹெர்ட்ஸ், ஏ16 90 ஹெர்ட்ஸ். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து உருட்டிப் பார்த்தால் 2ஏ வழுக்கிக்கொண்டு போவது தெரியும். சார்ஜ் ஏறுவதிலும் அது முந்தும்: 45 வாட், ஏ16-க்கு 25 வாட். ஏ16-இன் பெட்டியில் சார்ஜர் கிடையாது என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். முதுகில் மின்னும் விளக்குகளோடு 2ஏ பார்க்கவும் அழகு. வேகமும் அழகும் முதலில் வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் 2ஏ-யைத்தான் காட்டுவேன்.

இனி என்னைத் தீர்மானிக்க வைத்த விஷயம். கைபேசிக்கு நிறுவனம் எத்தனை ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பும் பாதுகாப்புத் திருத்தமும் அனுப்பும்?

செய்தி அனுப்பவும் மின்னஞ்சல் பார்க்கவும் மட்டும் கைபேசி வைத்திருப்பவருக்கு இது எதற்கு என்று நானும் முன்பு நினைத்ததுண்டு. உண்மையில் நம்மைப் போன்றவர்களைத்தான் இது முதலில் பாதிக்கிறது. விளையாட்டுக்காகவும் கேமராவுக்காகவும் வாங்குபவர் எப்படியும் இரண்டு ஆண்டில் மாற்றிவிடுவார். கைபேசி உடையும்வரை வைத்திருக்கும் நமக்குத்தான் ஒருநாள் செயலி ஒன்று கதவைச் சாத்துகிறது. ஆண்ட்ராய்டு 4.4-க்கு வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு நின்றது. அதே ஆண்டு மே மாதம் ஐபோன் 5எஸ், 6 ஆகியவற்றிலும் நின்றது. ஆகஸ்டில் குரோம் உலாவி ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் விட்டுவிட்டது. என் பழைய கைபேசி அந்தக் கூட்டத்தில் ஒன்று.

பாதுகாப்புத் திருத்தம் நம் கைக்கு வரும் வழியைத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு இதன் கனம் புரிந்தது. ஆண்ட்ராய்டில் ஓர் ஓட்டை தெரியவந்தால் அதற்கான திருத்தத்தைக் கூகுள் வெளியிடுகிறது. சிப் தயாரிப்பாளரும் தன் பங்கைத் தருகிறார். பிறகு கைபேசி நிறுவனம் தன் ஒவ்வொரு மாடலுக்கும் அதைப் பொருத்தி, சோதித்து, அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படியில் நிறுவனம் கைகழுவிவிட்டால், முன்னே எத்தனை பேர் உழைத்தாலும் நமக்கு வந்து சேராது. பிளே ஸ்டோர் வழியாகச் செயலிகள் மட்டும் தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதால், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். வங்கிக் கணக்கும் ஒருமுறைக் கடவுச்சொல் வரும் சிம்மும் ஒரே கருவியில் இருக்கிறபோது, அந்தத் தோற்றத்தை நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏ16 5ஜி 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்தது. ஆறு முறை இயங்குதள மேம்பாடு, ஆறு ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் என்று சாம்சங் உறுதி கூறியிருக்கிறது. அதாவது ஆண்ட்ராய்டு 20 வரை, 2030 அக்டோபர் வரை. அறிமுக விலை 18,999 ரூபாய். அதே ஆண்டு மார்ச்சில் 39,999 ரூபாய்க்கு வந்த அதே நிறுவனத்தின் ஏ55-க்கு நான்கு மேம்பாடும் ஐந்து ஆண்டு திருத்தமும்தான். விலையில் பாதிகூட இல்லாத தம்பிக்கு அண்ணனை விட நீண்ட ஆயுள்! இதைப் படித்தபோது எங்கோ தவறாக அச்சாகியிருக்கிறது என்றே நினைத்தேன், தொழில் பழக்கம். நிறுவனத்தின் பக்கத்திலேயே போய்ச் சரிபார்த்துக்கொண்டேன்.

நத்திங் 2ஏ 2024 மார்ச்சில் வந்தது, 23,999 ரூபாய். மூன்று இயங்குதள மேம்பாடு, நான்கு ஆண்டு பாதுகாப்புத் திருத்தம். ஆக 2028 மார்ச் வரை.

ஐபோன் 13-க்கு அப்படி எழுதிக்கொடுத்த எண் எதையும் நான் காணவில்லை. பழைய வரலாற்றை வைத்துத்தான் கணிக்க வேண்டும். வரலாறு நன்றாகவே இருக்கிறது: 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்த 6எஸ், ஐஓஎஸ் 15 வரை பெற்றது, 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்த எக்ஸ்ஆர், ஐஓஎஸ் 18 வரை பெற்றது. திருத்தம் எத்தனை காலம் கிடைக்கும் என்று அறிவிக்கச் சொல்லி பிரிட்டனில் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்காக, 15 புரோ மேக்ஸ் மாடலுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு என்று ஆப்பிள் அறிவித்தது. நடைமுறையில் கொடுப்பது அதைவிட அதிகம். ஏழு ஆண்டு என்றே வைத்துக்கொண்டாலும் 2021 செப்டம்பரில் வந்த 13-க்கு 2028 வரைதான்.

கவனித்தீர்களா, எல்லாக் கணக்கும் மாடல் வெளியான நாளிலிருந்து தொடங்குகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. விளம்பரத்தில் ஆறு ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். மாடல் வந்து இரண்டு ஆண்டு கழித்துத் தள்ளுபடியில் வாங்குகிறவருக்குக் கிடைப்பது நான்குதான். பண்டிகைத் தள்ளுபடியில் 3,000 ரூபாய் குறைகிறது என்று ஓடுகிறவர்கள், எத்தனை ஆண்டு கழிந்துபோயிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20-லிருந்து நடைமுறையில் உள்ள விதி இதைத் தலைகீழாக்குகிறது: நிறுவனம் ஒரு மாடலைச் சந்தையில் விடுவதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். கடைசியில் வாங்கியவருக்கும் நியாயம் செய்யும் விதி அது. நமக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நான் போட்ட கணக்கு எளியது. விலையை, வாங்கும் நாளில் மீதமிருக்கும் ஆண்டுகளால் வகுத்தேன். 2025 ஜனவரியில், அறிமுக விலைப்படி, ஏ16-க்கு ஐந்தே முக்கால் ஆண்டு மீதம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,300 ரூபாய். நத்திங் 2ஏ-க்கு மூன்று ஆண்டுக்குச் சற்றுக் கூடுதல். ஆண்டுக்கு 7,500 ரூபாய் போல. கடையில் 34,000 ரூபாய் சொன்ன ஐபோன் 13-க்கு மூன்றரை ஆண்டுக்கு மேல் என்று தாராளமாகக் கொடுத்தாலும் ஆண்டுக்கு 9,000 ரூபாயைத் தாண்டுகிறது. பிக்சல் 8ஏ-க்கு ஏழு ஆண்டு, 2031 மே வரை. ஆனாலும் ஆண்டுக்கு 8,400 ரூபாய் அளவில் வருகிறது. மெய்ப்புத் திருத்துவதற்குப் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவன் நான். எத்தனை பக்கம் திருத்தினால் ஓர் ஆண்டுக் கைபேசிச் செலவு வரும் என்று எண்ணிப் பார்த்ததும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

இந்தக் கணக்குக்குள் அடங்காத சில உண்டு. குறைந்த விலை மாடல்களுக்குத் திருத்தங்கள் பெரும்பாலும் மாதந்தோறும் வருவதில்லை, காலாண்டுக்கு ஒருமுறைதான். அடுத்து, ஆறாம் ஆண்டில் ஆண்ட்ராய்டு 20-ஐ டைமென்சிட்டி 6300 எப்படிச் சுமக்கும் என்பது 2030-இல்தான் தெரியும். என் அனுபவம் ஓராண்டுதான். 8 ஜிபி நினைவகம் இருப்பதால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, உத்தரவாதம் தர மாட்டேன். மறுவிற்பனையில் ஐபோனை மற்ற இரண்டும் நெருங்காது. மூன்றே ஆண்டில் விற்றுவிடுகிற பழக்கமுள்ளவருக்கு என் கணக்கு அப்படியே மாறிவிடும். அவர் ஐபோன் பக்கம் போவதில் பிழை இல்லை.

தமிழ் எழுதுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் எழுதுகிறவன். ககர மெய்யைத் தேடாமல் க, க என்று இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ந, த என்றால் ந்த ஆகும். விரல் பழகிவிட்டால் வேறு முறைக்குப் போக மனம் வராது. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் உள்ளேயே இருக்கின்றன, எதையும் நிறுவ வேண்டியதில்லை. இந்த ஓர் அம்சத்துக்காக ஆப்பிளை வாயாரப் பாராட்டுவேன். 13-ஐ 2022-இல் ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்கத் தொடங்கினார்கள் என்பதில் எனக்குத் தனிப் பாசமும் உண்டு. ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை நிறுவிக்கொண்டேன். அதே தமிழ்99 கிடைத்தது. பேசினால் எழுத்தாகும் வசதிக்குக் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை இருக்கிறது. நண்பர் ஒருவரின் ஐபோனை ஒரு வாரம் வாங்கி வைத்திருந்து எழுதிப் பார்த்ததோடு சரி. அதன் நீண்டகாலப் பழக்கத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பழைய ஐபோன் வாங்குகிறவர் அமைப்புகளில் போய் மின்கல நலம் எத்தனை சதவீதம் என்று கட்டாயம் பாருங்கள். 14 வரையிலான மாடல்களின் மின்கலம் 500 முழுச் சார்ஜ் சுற்றில் 80 சதவீதத் திறனை வைத்திருக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்பது ஆப்பிளே சொல்வது. 2021-இல் வந்த மாடல் அந்த எண்ணைத் தாண்டியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மின்கலம் மாற்றும் செலவைக் கடைக்காரர் சொன்ன விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். சார்ஜர் துளையும் பழைய லைட்னிங் வகை. வீட்டில் மற்றதெல்லாம் டைப்-சி என்றால் இன்னொரு கம்பி தேட வேண்டும்.

உதிரி பாகமும் ஒரு காரணமே. எங்கும் விற்கும் மாடலுக்குத் திரையும் மின்கலமும் காரைக்குடி போன்ற ஊர்களின் கடைகளிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். புதிதாக வந்த நிறுவனத்தின் மாடலுக்குப் பெருநகரம் போகவோ காத்திருக்கவோ நேரலாம். ஆறு ஆண்டு வைத்திருக்கப் போகிறோம் என்றால் இடையில் ஒருமுறையாவது கடைக்குப் போகத்தான் வேண்டும். ஏ16-இல் நினைவக அட்டை போடவும் இடமுண்டு. மற்ற இரண்டிலும் கிடையாது. கையெழுத்துப் படிகளைப் படங்களாகச் சேர்த்து வைக்கிற எனக்கு அது பேருதவி.

நான் வாங்கியபின் களம் சற்று மாறியிருக்கிறது. 2025-இல் வந்த ஏ17-க்கும் ஆறு ஆண்டு என்கிறார்கள். இன்று கடைக்குப் போனால் அதே விலைக்கு ஏ16-ஐ விட அதைத்தான் எடுப்பேன். ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. நத்திங்கின் 3ஏ மாடலுக்கும் பாதுகாப்புத் திருத்தம் ஆறு ஆண்டாக உயர்ந்திருக்கிறது, மேம்பாடு மட்டும் மூன்றோடு நிற்கிறது. என் தேர்வுக்கு மெய்யான போட்டி இப்போதுதான் வந்திருக்கிறது என்று சொல்வேன்.

பழைய கைபேசியிலிருந்து சிம்மை எடுத்துவிட்டேன், வங்கி, மின்னஞ்சல் கணக்குகளை எல்லாம் நீக்கிவிட்டேன். இணையம் இல்லாமல் இயங்கும் ஓர் அகராதியும் சில பிடிஎப்-களும் மட்டும் அதில் இருக்கின்றன. மேசையில் மெய்ப்புத் தாளுக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன். ஒரு சொல்லில் ஐயம் வந்தால் கை முதலில் அதைத்தான் எடுக்கிறது.